மணியடித்த பிறகு வராத அறிவிப்பு

டிங்… டாங்… டிங்.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் வார்டு நடைவழியில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள். மருந்துத் தட்டோடு போய்க்கொண்டிருந்த நர்ஸ் அப்படியே நின்றாள். நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த நோயாளியின் மனைவி திடுக்கிட்டு எழுந்து, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வண்டி வரப்போகிறது என்றால் பையை மாட்டிக்கொள்ளத்தானே வேண்டும்.

வண்டி வரவில்லை. அறிவிப்பும் வரவில்லை.

மணியடித்த பிறகு மனிதக்குரல் வராவிட்டால் நெஞ்சு என்ன பாடுபடும் என்பது அந்த நடைவழியில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். கண்ணாடிச் சன்னல் வழியே எல்லோரும் உள்ளே பார்த்தார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தார் அவர். தலையில் ஒரு முடிகூட இல்லை. இடது கையில் எவர்சில்வர் டம்ளர், வலது கையில் ஸ்பூன். வாய் மட்டும் பூட்டுப் போட்டது போல் இறுக மூடியிருந்தது.

நர்ஸ் சன்னலோரம் இருந்த தொலைபேசியை எடுத்தாள். உள்ளே ஒரு கருவி, வெளியே ஒரு கருவி. உள்ளே பேசுவது நடைவழி ஒலிபெருக்கியிலும், வெளியே பேசுவது உள்ளேயும் கேட்கும்.

"தண்ணி வேணுமா சார்?"

அவர் தலையை ஆட்டி மறுத்தார். தலையணையா என்று கேட்டாள். அதுவும் இல்லை. போர்வையா, டிவியா, ஏசியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் அவர் கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்குவது போல் காட்டியதும்தான் புரிந்தது. விளக்கை அணைக்க வேண்டுமாம்.

"இதுக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?" என்று நடைவழியின் மறுகோடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. அதைக் குரல் என்று சொன்னால் குரல்கள் கோபித்துக்கொள்ளும். சன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. பேசியது அவருடைய அக்கா.

அக்கா நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். தண்ணீருக்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, உள்ளே முங்கியிருப்பவர்களுக்கும் கேட்கும்படி பேசுவது அவள் தொழில் தர்மம். அந்தத் தர்மத்தை அவள் குளத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கடையில், பேருந்தில், துக்க வீட்டில், எங்கேயும் அதே அளவுதான். ஒருமுறை பல் மருத்துவரிடம் போய், வலிக்கிறது என்று மெதுவாகத்தான் சொன்னாளாம். காத்திருந்த மூன்று நோயாளிகள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

உள்ளே இருந்தவருக்கோ குரல்தான் சோறு போட்டது. அவர் ரயில் நிலைய அறிவிப்பாளர். ஊரில் யாருக்கும் அவர் முகம் தெரியாது. குரல் தெரியாதவர் எவரும் இல்லை. மிதமான, கோபமே படாத, வெதுவெதுப்பான குரல். வண்டி நாலு மணி நேரம் தாமதம் என்று அவர் சொன்னால், பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் தாமதமாகவே வரட்டும் என்று ஜனங்களுக்குத் தோன்றும். ஒவ்வொரு அறிவிப்பையும் "வருந்துகிறோம்" என்று அவர் முடிக்கிற அழகுக்காகவே நிலையத்தில் அவருக்கு வருந்துகிறோம் சார் என்று பெயர்.

வீட்டிலும் அப்படித்தான். கோப்பை கை தவறி உடைந்தால், "ஏற்பட்ட இழப்பிற்கு வருந்துகிறோம்" என்பார். மனைவி அவர்மேல் எதையாவது எறிவாள். அதற்கும் வருந்துவார்.

அந்த மனைவி கிடைத்ததே இந்த வார்த்தையால்தான். அவள் அப்போது கல்யாணமாகாத பெண். தோழியின் நிச்சயதார்த்தத்துக்குப் போக நிலையத்தில் வந்து நின்றாள். வண்டி தாமதம், மேலும் தாமதம், பிறகு ரத்து. ஒவ்வொன்றுக்கும் ஒலிபெருக்கி வருந்தியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறிவிப்பாளர் அறையைத் தேடிப்போய் கதவைத் தட்டி, "வருந்துறோம் வருந்துறோம்னு சொல்றீங்களே, நிஜமாவே ஒரு நாளாவது வருந்தியிருக்கீங்களா?" என்று கேட்டாள். ஒல்லியாக ஓர் இளைஞன் திரும்பிப் பார்த்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. தினமும் எத்தனை பேரைக் காக்க வைக்கிறோம் என்று நினைத்தால் தனக்குச் சோறு இறங்குவதில்லை என்றான். அந்தக் கணத்திலேயே அவள் இதயம் தடம் புரண்டது. தோழியின் நிச்சயதார்த்தம் அவள் இல்லாமலே நடந்தது. அவளுடையது சில மாதங்களில் நடந்தது.

இத்தனை மென்மையான குரல் அவருக்கு எப்படி வந்தது என்று கேட்டால், காரணம் அக்காதான். சின்ன வயதில் அவர் தெருவில் விளையாடிக்கொண்டிருப்பார். வீட்டு வாசலில் நின்று அக்கா ஒரு குரல் கொடுப்பாள். "டேய், உன் ஜட்டி காயலையாம், வந்து வேறதைப் போட்டுக்க" என்று தெருக்கோடி வரை கேட்கும். விளையாட்டு நின்றுபோகும். எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். வாழ்நாளில் என் குரலை ஒருபோதும் உயர்த்தமாட்டேன் என்று அந்த வயதிலேயே அவர் சபதம் எடுத்துக்கொண்டார். அக்காவின் குரல் எங்கே முடிகிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, அவர் தன் குரலைக் கட்டினார்.

அப்படிப்பட்ட மனிதரின் எலும்பு மஜ்ஜை ஒருநாள் ரத்தம் செய்வதை நிறுத்திக்கொண்டது. களைப்பு வந்தது, காய்ச்சல் வந்தது, பரிசோதனைகள் வந்தன. பழைய மஜ்ஜையைப் பலமான மருந்துகளால் காலி செய்துவிட்டு, வேறொருவரிடமிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை உள்ளே விட வேண்டும், அவை போய் மஜ்ஜையில் குடியேறிப் புது ரத்தம் செய்யத் தொடங்கும் என்றார் பெரிய டாக்டர். யாருடைய செல் பொருந்தும் என்று சொந்தபந்தம் எல்லோரையும் சோதித்தார்கள். அச்சு அசலாகப் பொருந்தியது ஒரே ஒருவருடையதுதான்.

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எடுத்துக்கங்க. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க" என்று அவள் சொன்னது கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடத்தில் கேட்டது. செல் பிரிக்கும் இயந்திரத்தோடு இரண்டு கைகளையும் இணைத்து அவளைப் படுக்க வைத்தார்கள். கையை அசைக்கக்கூடாது என்றார்கள். வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இயந்திரத்தை இயக்கியவர் பாதியிலேயே காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் நல்லவர். சந்தோஷமாகச் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் நோயாளியிடம் அதைச் சொன்னார். "இனிமே உங்க உடம்புல ஓடப்போறது உங்க அக்கா ரத்தம்தான் சார். போகப்போக உங்க பிளட் குரூப்கூட அவங்களுதா மாறிடும்."

வருந்துகிறோம் சாரின் முகம் அப்போதே வெளுத்தது. நோயினால் ஏற்கெனவே வெளுத்திருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

செல்கள் உள்ளே போன நாள் ஒரு பெரிய நாடகமாக இருக்கும் என்று குடும்பமே எதிர்பார்த்தது. கத்தி, கத்தரி, சிவப்பு விளக்கு ஒன்றுமில்லை. தக்காளி ரசத்தின் நிறத்தில் ஒரு சின்னப் பை. அதைக் கம்பியில் மாட்டி, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு அவர் தூங்கிப்போனார். அதுதான் அவர் கடைசியாக நிம்மதியாகப் பேசியது.

பலமான மருந்து கொடுத்தால் சில நாட்களில் வாயும் தொண்டையும் புண்ணாகும். எல்லோருக்கும் ஆவதுதான். ஒருநாள் காலையில் எழுந்து, "சிஸ்டர், தண்ணி" என்றார். வெளியே வந்தது அவருடைய வெதுவெதுப்பான குரல் இல்லை. கரகரவென்று, மேலே ஏறிக் கீறிக்கொண்டு, ஒரு கத்தல். அவர் திடுக்கிட்டுத் தன் பின்னால் திரும்பிப் பார்த்தாராம், அக்கா எப்போது உள்ளே வந்தாள் என்று. பின்னால் சுவர்தான் இருந்தது.

அன்றைக்கு மூடிய வாய்தான்.

பேசாதது ஒரு பக்கம். வாயைத் திறந்தால் குரல் வந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் வாய் கொப்பளிக்கவும் மறுத்தார். கஞ்சியும் விழுங்கவில்லை. புண்ணைச் சுத்தமாக வைக்காவிட்டால் கிருமி புகுந்துவிடும். அவர் உடம்பில் அப்போது எதிர்த்துச் சண்டை போட ஓர் அணுகூட இல்லை. புதிய செல்கள் இன்னும் வந்து சேரவில்லை, பழையவை எல்லாம் போய்விட்டன. இரண்டு வண்டிகளுக்கு இடையே வெறிச்சோடிக் கிடக்கும் நடைமேடை போல் இருந்தது அவர் உடம்பு. இப்படியே போனால் மறுநாள் மாலை மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட வேண்டியதுதான், இந்த நிலையில் அதிலும் ஆபத்து உண்டு என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மனைவி கண்ணாடிச் சன்னலில் நெற்றியை வைத்து அழுதாள். கண்ணாடியில் பனி படிந்தது. உள்ளே அவரும் அழுதார். சத்தம் வராமல் ஜாக்கிரதையாக அழுதார்.

அப்போதுதான் மூச்சு மேடத்தைக் கூப்பிட்டார்கள்.

மூச்சு மேடம் அந்த மருத்துவமனையின் மனநல ஆலோசகர். ஸ்டெம் செல் மாற்று செய்துகொள்கிறவர்களைத் தனி அறையில் வாரக்கணக்காக அடைத்து வைக்கும்போது மனசு முதலில் நோய்ப்படும் என்பதால் அவர்களுக்கென்றே அமர்த்தியிருந்தார்கள். யாரைப் பார்த்தாலும் முதலில் மூச்சை இழுத்து விடச் சொல்வாள். லிஃப்ட் நின்றுபோனபோது லிஃப்டையே மூச்சு விடச் சொன்னாள் என்று வார்டில் பேசிக்கொள்வார்கள்.

அவள் கை கழுவி, கவுன் போட்டு, முகமூடி கட்டி, இரண்டு கதவுகளைத் தாண்டி உள்ளே போனாள். நர்ஸும் கூடவே போய் மருந்துப் பையை மாற்றினாள். தொலைபேசியைச் சரியாக வைக்காததால் உள்ளே நடந்தது முழுக்க நடைவழி ஒலிபெருக்கியில் கேட்டது. மனைவியும் அக்காவும் ரேடியோ நாடகம் கேட்பது போல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று மூச்சு மேடம் ஒப்பந்தம் செய்துகொண்டாள். வலிக்கிறதா என்றாள். டிங் டிங். வீட்டு ஞாபகமா? டிங் டிங். பயமாக இருக்கிறதா?

ஸ்பூன் டம்ளர் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரே ஒரு டிங்.

"சாவுக்கா சார்?"

டிங் டிங் என்று சற்றுக் கோபமாகவே வந்தது. பிறகு அவர் சன்னல் பக்கம் கையை நீட்டி அக்காவைக் காட்டினார். அடுத்து தன் தொண்டையைக் காட்டினார்.

"அக்கா உங்க கழுத்தை நெரிச்சாங்களா?"

டிங் டிங், டிங் டிங், டிங் டிங்.

வெளியே அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். மனைவி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அண்ணி, அவர் இல்லைன்னுதான் சொல்றார்" என்றாள்.

அக்கா சாப்பிடக் கொடுத்தது தொண்டையில் சிக்கிக்கொண்டதா, அக்கா ஏதாவது சொல்லக்கூடாது என்று மிரட்டினாளா என்று மூச்சு மேடம் கேட்டுக்கொண்டே போனாள். ஸ்பூன் வளைகிற அளவுக்கு மறுப்பு வந்தது. கடைசியில் மருந்துப் பையை மாட்டிக்கொண்டிருந்த நர்ஸுக்குத்தான் அந்தக் காலை ஞாபகம் வந்தது. அவர் தண்ணீர் கேட்டதையும் பின்னால் திரும்பிப் பார்த்ததையும் சொன்னாள். மூச்சு மேடம் முகமூடிக்குள் ஒரு நீண்ட மூச்சு விட்டாள்.

"சார், அக்கா செல்லோட அக்கா குரலும் உள்ள வந்துடுச்சுன்னு நினைக்கிறீங்களா?"

டிங். அந்த ஒரு தட்டில் ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் உடைந்து விழுந்தது.

மூச்சு மேடம் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு ஒரு மாலை போடலாம். செல்கள் ரத்தத்தைத்தான் செய்யும், குரல் தொண்டையில் இருக்கிறது, தொண்டை இப்போது புண்ணாகி வீங்கியிருக்கிறது, ஆறியதும் பழைய குரல் வரும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னாள். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். ஒலிபெருக்கியில் அறிவிப்பை முழுசாகக் கேட்டுவிட்டு, அடுத்த நிமிடமே வந்து வண்டி எப்போ சார் வரும் என்று கேட்கிற பயணி எப்படித் தலையாட்டுவாரோ அப்படி. வாய் திறக்கவில்லை.

வெளியே வந்தபோது அக்கா வழிமறித்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. தன் குரல் ஒரு வியாதி என்றால் இனி இந்த ஜென்மத்தில் தான் வாயே திறக்கப்போவதில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சபதம் செய்தாள். மருத்துவமனை முழுவதும் அந்தச் சபதத்தைக் கேட்டது. அது டீ வரும் வரை நீடித்தது. டீயில் சர்க்கரை இல்லை.

ஆனால் மூச்சு மேடம் லிஃப்டுக்குப் போகும்போது அக்கா பின்னாலேயே போனாள். அப்போது அவள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகப் பேச அவளுக்குத் தெரியும் என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

"கெட்ட செல்லைக் குடுத்துட்டேனா டாக்டர்? என்னை மாதிரியே அதுவும் சொன்ன பேச்சு கேக்காம எங்கயாவது சுத்திட்டு இருக்கா?"

மூச்சு மேடம் அவள் தோளைத் தொட்டு, மூச்சை இழுங்க என்றாள். அக்கா இழுத்தாள். விடுங்க என்றாள். அக்கா விடவில்லை. இன்னும் கொஞ்சம் பிடித்தால்தான் நெஞ்சு விரியும், நீங்கள் சொல்லிக்கொடுப்பது தப்பு என்று திருத்தினாள். இருவரும் லிஃப்ட் வாசலில் நின்று எந்த மூச்சு சரியான மூச்சு என்று வாதாடிவிட்டு, ஒருவிதமாகத் தேறிக்கொண்டு பிரிந்தார்கள்.

மறுநாள் விதி விளையாடியது. மூச்சு மேடத்துக்கு ஜலதோஷம்.

தும்மலோடு யாரும் அந்த அறைக்குள் போகக்கூடாது. முதல் கதவைக்கூடத் தொடக்கூடாது. சாயங்காலம் குழாய் போட வருவதாகப் பெரிய டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். மூச்சு மேடம் நர்ஸின் கைபேசிக்குக் கூப்பிட்டு, அதைச் சன்னல் பக்கம் வைக்கச் சொல்லி, தானிருக்கும் கீழ்த்தள அறையிலிருந்தே பேசுகிறேன் என்றாள். நர்ஸ் கைபேசியை ஒலிபெருக்கிக் கருவியின் வாயோடு வாய் வைத்துப் பிடித்தாள்.

அவளுடைய திட்டம் இது. கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குப் பிடித்த ஓர் இடத்தில் இருப்பது போல் நோயாளி கற்பனை செய்ய வேண்டும். உடம்பு தளரும், பயமும் கொஞ்சம் தளரும். முந்தைய நாள் கடற்கரையா என்று கேட்டிருந்தாள். டிங் டிங். மலையா? டிங் டிங். ரயில் நிலையமா? கேட்டு முடிப்பதற்குள் டிங். ஆகவே இன்று, அவர் தன் நிலையத்தில் நிற்கிறார், புதிய செல்கள் வண்டியில் ஏறி வருகின்றன, அவர் அவற்றை வரவேற்கிறார்.

"கண்ணை மூடுங்க சார். நீங்க இப்போ உங்க ஸ்டேஷன்ல…" என்று தொடங்கினாள். தும்மினாள். "அமைதியா நிக்க…" தும்மினாள். மூன்றாவது தும்மலில் தொண்டை கட்டி, காற்று மட்டும் வந்தது. உள்ளே வருந்துகிறோம் சார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

நர்ஸ் மனைவியிடம் கருவியை நீட்டினாள். மனைவி அதை வாங்கி, ஹலோ என்று சொல்வதற்குள் அழுகை முட்டி, திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்து நின்றது அக்கா.

"குடுங்க இங்க. மூச்சு விடச் சொல்றதுதானே? பதினைஞ்சு வருஷமா அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்."

யாரும் தடுப்பதற்குள் அவள் பிடுங்கிவிட்டாள். கைபேசியில் மூச்சு மேடம் கிசுகிசுக்க, அதைக் காதில் வாங்கி இவள் உள்ளே அனுப்பினாள். கிசுகிசுப்பு ஒரு பக்கம் போனது, மறுபக்கம் இடியாக வெளியே வந்தது.

"கண்ணை மூடுடா. மூச்சை இழு. பிடி. பிடி. பிடி. யாரு உன்னை அதுக்குள்ள விடச் சொன்னது? மறுபடி இழு."

அவர் பயந்துபோய் இழுத்தார்.

"இப்போ நீ உன் ஸ்டேஷன்ல நிக்கிற. அமைதியா இருக்கு. காத்து வீசுது. அமைதியா இருக்குன்னு சொல்றேன்ல, தோளைத் தளர்த்து. தூரத்துல ஒரு வண்டி வருது. அதுல பூரா என் செல்லுங்க. ஜன்னலோரம் யாருக்குன்னு சண்டை போட்டுட்டு வருதுங்க."

உள்ளே அவர் உதட்டோரம் லேசாக ஏதோ நடந்தது. கீழ்த்தளத்தில் மூச்சு மேடம், வண்டி மெதுவாக நடைமேடைக்கு வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒரு தும்மல். அக்காவுக்கு வசனம் கிடைக்கவில்லை. அவள் வசனத்துக்காகக் காத்திருக்கும் ரகம் இல்லை. சொந்தமாகவே வண்டியை ஓட்டினாள்.

"வண்டி வந்துடுச்சு. ஆனா எதிர்ப் பக்கம் நிக்குது. எந்த பிளாட்பாரம்னெல்லாம் எனக்குத் தெரியாது. கிளம்பிடப்போகுது, சீக்கிரம் போ. பாலம் எல்லாம் ஏறாத, உனக்கு முட்டி வலி. அப்படியே தண்டவாளத்துல குதிச்சுக் குறுக்கால போயிடு."

கட்டிலில் இருந்தவரின் கண்கள் இரண்டும் பட்டென்று திறந்தன.

எத்தனை வருடங்கள். எத்தனை ஆயிரம் முறை. மழையிலும் வெயிலிலும் கூட்டத்திலும், தன் கல்யாணத்தன்று காலையில்கூட, அந்த மனிதர் ஊராரிடம் கெஞ்சிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இப்போது அவர் நிலையத்தில், அவர் கண்ணெதிரே, ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி தண்டவாளத்தில் குதிக்கச் சொல்கிறாள்.

அவர் கை தானாக டம்ளரைத் தேடியது.

டிங். டாங். டிங்.

நடைவழி மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தண்டவாளத்தைக் கடப்பது… உயிருக்கு ஆபத்தானது. தயவுசெய்து… மேம்பாலத்தைப் பயன்படுத்துங்கள். தவறான அறிவிப்பால் ஏற்பட்ட சிரமத்திற்கு…"

இருமினார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"…வருந்துகிறோம்."

கிழிந்த பாயைச் சிமெண்டுத் தரையில் இழுத்தது போன்ற குரல். மனைவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் கண்ணீர் வழிந்தது. நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். கைபேசியில் கீழ்த்தளத்திலிருந்து தும்மலா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று கேட்டது. அக்கா ஒருத்திதான் கல்லாக நின்றாள். அவள் முகத்தில் பாசம் இல்லை. அவமானம் இருந்தது.

"டேய். இதையா என் குரல்னு நினைச்ச?"

அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

"இது தகர டப்பாவை உருட்டின மாதிரி இருக்கு. என் குரல் இப்படியா இருக்கும்? இப்படி இருந்தா எவனாவது என்னை நம்பித் தண்ணியில குதிப்பானா? என் குரல் மணி மாதிரி இருக்கும்டா. ஏம்மா, நீயே சொல்லு, இது என் குரலா?"

கேள்வி மனைவியிடம் வந்தது. நாத்தனாரின் குரல் மணி போல் இருக்கும் என்று ஒப்புக்கொள்வது எந்தப் பெண்ணுக்கும் சுலபமில்லை. ஆனால் புருஷன் உயிர் ஊசலாடுகிறது. அவள் கருவியை வாங்கிக்கொண்டாள். இந்த முறை அழுகை குறுக்கே வரவில்லை.

"இல்லைங்க. அண்ணி குரல் மணிதான். கோயில் மணி. ஆனா உங்க குரல் எனக்குத் தெரியாதா? 'தயவுசெய்து'ன்னு சொல்லிட்டு ஒரு நிமிஷம் நிப்பீங்களே, எல்லாரும் கேக்கறாங்களான்னு பாக்கற மாதிரி. அந்த இடத்துல நின்னீங்க. அப்படி நிக்கறவர் இந்த உலகத்துல ஒருத்தர்தான். தொண்டை யாருதா வேணா இருந்துட்டுப் போகட்டும்."

உள்ளே அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெல்ல, தனக்கே சொல்லிக்கொள்வது போல், "தயவுசெய்து" என்றார். நின்றார். அந்த இடைவெளியைக் காது கொடுத்துக் கேட்டார். பிரிந்துபோன ஒருவரை வாசலில் பார்த்தது போல் அவர் முகம் மாறியது.

நர்ஸ் தாமதிக்கவில்லை. கவுனை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடி வாய் கொப்பளிக்கும் மருந்தை நீட்டினாள். அவர் வாயைத் திறந்தார். எரிச்சலில் கண்ணில் நீர் வந்தது. கொப்பளித்துத் துப்பிவிட்டு, "அவ்வளவு மோசமா இல்ல" என்றார். மருந்தைச் சொன்னாரா குரலைச் சொன்னாரா தெரியவில்லை. சாயங்காலம் பெரிய டாக்டர் குழாயோடு வந்தபோது அவர் ஸ்பூனால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். குழாய் வந்த வழியே திரும்பிப் போனது.

செல்கள் மட்டும் உடனே வந்துவிடவில்லை. தினமும் காலையில் ரத்தம் எடுப்பார்கள், எண்ணிக்கை ஏறியிருக்காது. முதலில் எல்லோர் முகமும் விழுந்துபோகும். பிறகு முடிவு வந்ததும் டம்ளரைத் தட்டி அவரே அறிவிக்கத் தொடங்கினார். அக்கா எக்ஸ்பிரஸ் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது, பயணிகள் பொறுமை காக்கவும், வருந்துகிறோம். ஜலதோஷம் நீங்கி வந்த மூச்சு மேடம் இதைக் கேட்டுவிட்டு, காத்திருக்க யாருக்கும் தன்னால் இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியாது என்றாள். பக்கத்துத் தனி அறைகளிலிருந்தும் கேட்டார்கள். எங்க வண்டிக்கும் ஒரு அறிவிப்பு போடச் சொல்லுங்க சிஸ்டர் என்றார்கள். மூச்சு மேடம் மூச்சு சொல்லிக்கொடுப்பாள், அவர் தாமதம் அறிவிப்பார், வார்டே கண்ணை மூடி ரயில் நிலையத்தில் நிற்கும். ஒரு கிழவர் மட்டும், தனக்குக் கப்பல்தான் பிடிக்கும் என்று அடம் பிடித்தார். அவருக்குத் துறைமுக அறிவிப்பு தனியாகப் போயிற்று.

ஒருநாள் காலை நர்ஸ் ஓடிவந்து சன்னலைத் தட்டினாள். எண்ணிக்கை ஏறிவிட்டது. அவர் டம்ளரை எடுத்தார். மூன்று முறை தட்டினார். அன்றைக்கும் அறிவிப்பு வரவில்லை. ஆனால் இந்த முறை யாரும் பயப்படவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார், சத்தமாக.

சில நாட்கள் கழித்து அக்காவை முதல்முறையாக உள்ளே விட்டார்கள். கை கழுவி, கவுன் மாட்டி, முகமூடியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சுப் பட்டு மூக்குக்கண்ணாடியில் பனி படர்ந்தது. கழற்றி மேஜையில் வைத்தாள். தம்பியின் மொட்டைத் தலையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூக்கை உறிஞ்சி, "தலை நல்ல உருண்டையா இருக்கு. குளத்துல தொப்பியே வேணாம்" என்றாள். அவர் சிரித்தார். குரல் பாதிக்கு மேல் திரும்பிவிட்டிருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு சின்னக் கரகரப்பு மிச்சமிருந்தது. அது நிரந்தரமோ என்று அவர் கேட்டார். இருந்தால் என்ன, வாடகை வாங்கிக்கொள் என்றாள் அக்கா.

நேரம் முடிந்ததும் எழுந்தாள். அவர் டம்ளரைத் தட்டி, அக்கா முதல் நடைமேடையிலிருந்து புறப்படுகிறாள் என்று அறிவித்தார். உள்கதவைத் தாண்டினாள். அந்த அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்கும். உள்கதவு மெல்ல மூடத் தொடங்கியபோதுதான் அவர் மேஜையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி அங்கேயே இருந்தது. அது இல்லாமல் அக்காவுக்குப் படிக்கட்டு தெரியாது.

"அக்கா, கண்ணாடிய வச்சிட்டுப் போறியே."

சன்னல் அதிர்ந்தது. மருந்துத் தட்டில் ஏதோ உருண்டது. நடைவழியிலிருந்து நர்ஸ் ஓடிவந்து, வெளிக்கதவின் கண்ணாடி வழியே அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அம்மா, கொஞ்சம் மெதுவா பேசக் கூடாதா? பக்கத்து ரூம்ல தூங்கறாங்க."

அக்கா வாயைத் திறக்கவே இல்லை. வாயைத் திறக்காமலே வாழ்க்கையில் முதல்முறையாகத் திட்டு வாங்கியிருந்தாள். திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவர் ஒரு கையால் தொண்டையைப் பிடித்தபடி, கண்கள் விரிய உட்கார்ந்திருந்தார். ஜட்டி காயவில்லை என்று தெருக்கோடி வரை கேட்ட அதே குரல். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது.

அக்கா உள்ளே வந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். தன் கையால் அவர் மொட்டைத் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

"ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்டா" என்று, யாருக்கும் கேட்காத அளவுக்கு மெதுவாகச் சொன்னாள்.

உள்கதவு மூடியது. பிறகு வெளிக்கதவு திறந்து, அவளை வெளியே விட்டுவிட்டு, அதுவும் சாத்திக்கொண்டது.